நாய்க்கும் பூனைக்கும் டாக்டரிடம் போக பயமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊரில் ஒரு சிறிய கிளினிக் நடத்தும் கால்நடை மருத்துவர் நான். "பயந்து அடம்பிடிக்கும் இதை இங்கே கொண்டுவந்து சேர்ப்பதற்குள் எனக்கு உயிரே போய்விட்டது டாக்டர்" என்ற வார்த்தையைக் கேட்காமல் ஒரு நாளும் கடப்பதில்லை. பிராணிகளின் இந்தப் பயத்தைக் குறைப்பது பற்றி நாய், பூனை வளர்ப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

ஊசி போட இரண்டு நிமிடம்தான் ஆகிறது. அமுக்கிப் பிடித்துப் போட்டுவிட்டால் முடிந்தது. இதற்கு ஏன் இவ்வளவு யோசிக்க வேண்டும்?

அந்த இரண்டு நிமிடத்தோடு பயம் முடிந்துவிடுவதில்லை என்பதால்தான்.

முதலில், பயந்த உடம்பைப் பரிசோதித்தால் தப்பான பதில் வரும். பயத்தில் இருக்கும் பூனைக்கு ரத்தச் சர்க்கரை 300-ஐக்கூடத் தாண்டும். சர்க்கரை நோய் என்று எழுதிவிடத் தோன்றும் எண் அது. அதனால்தான், ஒரு முறை அதிகமாக வந்ததை வைத்து முடிவெடுக்காமல், முந்தைய சில வாரங்களின் நிலையைக் காட்டும் ஃப்ரக்டோசமீன் சோதனையையும் செய்யச் சொல்கிறோம். ரத்த அழுத்தம், இதயத்துடிப்பு, மூச்சு, உடல் வெப்பம் என எல்லாமே பயத்தில் ஏறும். வீட்டில் மூன்று காலில் நொண்டிக்கொண்டிருந்த நாய், கிளினிக் தரையில் நான்கு காலையும் ஊன்றி நிற்பதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். "டாக்டரைப் பார்த்ததும் சரியாகிவிட்டதே" என்று சிரிப்பார்கள். வலி எங்கும் போகவில்லை. பயம் அதை மூடி வைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

அடுத்தது ஞாபகம். ஒரு முறை அமுக்கிப் பிடித்தால் அடுத்த முறை இரண்டு பேர் வேண்டும், அதற்கடுத்த முறை மூன்று பேர். கடைசியில் வீட்டுக்காரர் மனம் வெறுத்து வருவதையே நிறுத்திவிடுவார். ஆண்டு ரேபிஸ் ஊசி தவறும், பல் அழுகுவது தெரியாது, கட்டி பெரிதான பிறகுதான் கண்ணில் படும். நான் உண்மையில் கவலைப்படுவது இந்த நிலையைப் பற்றித்தான். பயத்தால் சிகிச்சையே கிடைக்காமல் போகும் பிராணிகள் நிறைய.

பிராணியைப் பயமுறுத்தாமல் பார்ப்பது என்பது வெளிநாட்டிலிருந்து வந்த புதுப் பேச்சா?

பேச்சு வேண்டுமானால் அங்கிருந்து வந்திருக்கலாம், பயம் எல்லா ஊரிலும் உள்ளதுதான். அமெரிக்கக் கால்நடை மருத்துவர் சோஃபியா யின், பிராணிகளை முரட்டுத்தனம் இல்லாமல் கையாளும் முறைகளைப் படிப்படியாக எழுதியும் படம்பிடித்தும் காட்டினார். 2014-ல் அவர் மறைந்தார். அதே நாட்டின் மார்ட்டி பெக்கர் தொடங்கிய 'ஃபியர் ஃப்ரீ' அமைப்பு, 2016 முதல் மருத்துவர்களுக்குப் பயிற்சியும் சான்றிதழும் தருகிறது. பூனைகளுக்கென்று தனியாக 'கேட் ஃப்ரெண்ட்லி' திட்டங்களும் உண்டு. ஆனால் இவர்கள் சொல்லும் வேலைகளில் பாதிக்கு ஒரு துண்டும் கொஞ்சம் வேகவைத்த கோழியும் பொறுமையும் போதும். எந்த ஊரிலும் செய்யலாம்.

என் பூனை டாக்டர் மேசையில் அசையாமல் அமைதியாகத்தான் இருக்கிறது. அதற்குப் பயம் இல்லை என்றுதானே அர்த்தம்?

பெரும்பாலும் நேர்மாறு. பயந்த பிராணி ஓடப் பார்க்கும், இல்லையென்றால் எதிர்க்கும். இரண்டும் முடியாது என்று தெரிந்தால் உறைந்துபோகும். உடம்பைச் சுருக்கி, வாலை உடம்போடு ஒட்டி, தலையைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு, கண்மணி விரிந்து உட்கார்ந்திருக்கும் பூனை உறைந்துபோன பூனை. காதைக் கவனியுங்கள்: பக்கவாட்டில் மடிந்திருந்தால் பயம், பின்னால் ஒட்டிப் படுத்துவிட்டால் பயம் முற்றிவிட்டது. குறுகுறுவென்று சத்தம் எழுப்புவதையும் நம்ப முடியாது. வலியிலும் பயத்திலும்கூடப் பூனை அப்படிச் செய்யும்.

நாயிடம் சின்னச் சின்ன அடையாளங்கள் தெரியும். தூக்கம் வராதபோது கொட்டாவி, சாப்பாடு இல்லாதபோது உதட்டை நக்குவது, முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்ப்பது, முன்காலில் ஒன்றைத் தூக்கி வைத்துக்கொள்வது, வெயில் இல்லாமலே மூச்சிரைப்பது, திடீரென்று மேசை முழுக்க முடி உதிர்வது. உறுமல் வருவது இதற்கெல்லாம் பிறகுதான். அந்த உறுமலை அதட்டி அடக்காதீர்கள். உறுமினால் அடி விழும் என்று கற்றுக்கொண்ட நாய், அடுத்த முறை உறுமாமலே கடிக்கும்.

வீட்டில் ஆசையாகத் தின்னும் பண்டத்தை இங்கே மூக்கருகில் நீட்டியும் தொடவில்லையா? பசி இல்லை என்று நினைக்க வேண்டாம். பயம் அளவு மீறிவிட்டது. நான் முதலில் பார்ப்பதே இதைத்தான்.

கேரியரை (பூனையைக் கொண்டுபோகும் பெட்டியை) பரணிலிருந்து எடுத்தாலே பூனை கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறது. என்ன செய்வது?

கேரியர் பரணில் இருப்பதுதான் சிக்கலே. வருடத்துக்கு ஒரு முறை அது இறங்கும்போதெல்லாம் கெட்டது நடக்கிறது என்று பூனை சரியாகவே கணக்குப் போட்டு வைத்திருக்கிறது.

கேரியரைக் கீழே இறக்கி, துடைத்து, பூனை வழக்கமாகப் படுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் நிரந்தரமாக வையுங்கள். கதவைக் கழற்றிவிடுங்கள். மேல்மூடி கழலும் வகை என்றால் முதலில் அடிப்பாகத்தை மட்டும் வைத்து, பூனை ஏற்கெனவே படுத்துப் புரண்ட துணியை உள்ளே விரியுங்கள். தினமும் ஒரு வேளை சாப்பாட்டை அதன் அருகிலும், பிறகு விளிம்பிலும், பிறகு உள்ளேயும் வையுங்கள். நீங்கள் தூக்கி உள்ளே போடக் கூடாது. அதுவாகப் போக வேண்டும். உள்ளே படுத்துத் தூங்க ஆரம்பித்த பிறகு மூடியை மாட்டுங்கள். அப்புறம் கதவு. அப்புறம் கதவை ஒரு நொடி சாத்தித் திறந்து, உடனே ஒரு துண்டு மீன். அப்புறம் தூக்கிக்கொண்டு அடுத்த அறை வரை போய்த் திரும்புங்கள். சில பூனைகளுக்கு ஒரு வாரம் போதும், சிலவற்றுக்கு இரண்டு மாதம் பிடிக்கும். எங்காவது தயங்கினால் முந்தைய படிக்குத் திரும்புங்கள்.

வியன்னாவில் நடந்த, 2018-ல் வெளியான ஓர் ஆய்வில் 22 பூனைகளில் பாதிக்கு இப்படிக் கேரியர் பயிற்சி தந்து பார்த்தார்கள். பயிற்சி பெற்றவற்றுக்குக் கார் பயணத்தில் பதற்றம் குறைவாக இருந்தது, பரிசோதனையும் சீக்கிரம் முடிந்தது. இவ்வளவு எளிய வேலைக்கு இவ்வளவு பலன் கிடைக்கும் என்றால், பூனை வைத்திருக்கும் ஒவ்வொருவரும் செய்ய வேண்டியது இது.

அவசரமாகப் போயே ஆக வேண்டும், பயிற்சிக்கு நேரமில்லை என்றால்: முதல் நாள் இரவே பூனையை ஒளிய இடமில்லாத ஒரு சின்ன அறையில் விடுங்கள். கேரியரைக் கதவு மேலே பார்க்கும்படி நிமிர்த்தி வைத்து, பூனையைப் பெரிய துண்டால் மெதுவாகச் சுற்றி, பின்பக்கம் முதலில் இறங்கும்படி உள்ளே விடுங்கள். வீடு முழுக்கத் துரத்திப் பிடித்தால், கிளம்புவதற்கு முன்பே அது களைத்து மிரண்டிருக்கும்.

எந்தக் கேரியர் நல்லது? கட்டைப்பையில் கொண்டுபோகலாமா?

கட்டைப்பை, கோழிக்கூடை, சேலையில் சுற்றிய அட்டைப்பெட்டி எல்லாம் பார்த்திருக்கிறேன். அட்டைப்பெட்டி சிறுநீரில் நனைந்து அடி விட்டுவிடும். பையிலிருந்து தாவிய பூனை நடுரோட்டில் போய் விழும். கெட்டியான பிளாஸ்டிக்கில், முன்னாலும் மேலேயும் திறக்கிற, மேல்பாதியைக் கிளிப்பை விடுவித்துத் தனியே எடுக்க முடிகிற கேரியரை வாங்குங்கள். மேல்பாதியை எடுத்துவிட்டால், பூனை தன் சொந்தப் படுக்கையிலேயே உட்கார்ந்திருக்கும்போது நான் பார்த்துவிடுவேன்.

ஒரு பூனையை அப்படித்தான் பார்க்கிறேன். முன்பு கேரியரைக் கவிழ்த்துத் தட்டித்தான் வெளியே எடுப்பார்கள், வந்து விழும்போதே சீறும். இப்போது மேல்பாதியை மெதுவாகக் கழற்றி, அந்த இடத்தில் ஒரு துண்டைப் போட்டு மூடிவிடுகிறோம். துண்டுக்கு அடியில் கையை விட்டு வயிறு, முதுகு, கால் எல்லாவற்றையும் தடவிப் பார்க்கிறேன். துண்டின் ஓரத்தைத் தூக்கி இதயத்துடிப்பு கேட்கிறேன். தொடைப் பக்கம் மட்டும் திறந்து ஊசி. அதன் முகம் கடைசி வரை இருட்டிலேயே இருக்கும். மூடியை மாட்டும்போது அது எழுந்திருப்பதுகூட இல்லை.

ஆட்டோவில், பைக்கில் கொண்டுவரும்போது என்ன கவனிக்க வேண்டும்?

கேரியரை ஒரு மெல்லிய துணியால் மூடுங்கள், காற்றுப் போக ஒரு பக்கம் திறந்திருக்கட்டும். கைப்பிடியில் தொங்கவிட்டு ஆட்டிக்கொண்டு நடக்காமல், அடியில் கை கொடுத்து மார்போடு அணைத்துத் தூக்குங்கள். காரில் முன் இருக்கைக்குப் பின்னால் கீழே வைத்தால் ஆடாது. ஆட்டோவில் மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளுங்கள். பைக் வேண்டாம் என்றுதான் சொல்வேன். அதுதான் வழி என்றால், பின்னால் ஒருவர் உட்கார்ந்து கேரியரைப் பிடித்துக்கொள்ள வேண்டும். நாயைக் கால் நடுவே நிறுத்தி ஸ்கூட்டரில் வருவது எத்தனை பழகிய நாய்க்கும் ஆபத்து.

நேரத்தையும் பாருங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் மத்தியானம் கிளம்பாதீர்கள். பக் போன்ற சப்பை மூக்கு நாய்க்கும் பெர்சியன் பூனைக்கும் பயத்தில் இரைக்கும் மூச்சும் வெயிலும் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. காலை முதல் ஆளாக வருவது எல்லாவிதத்திலும் நல்லது.

காரில் ஏறினாலே டாக்டரிடம்தான் என்று ஆகிவிட்ட நாய்களும் உண்டு. இடையிடையே கடற்கரைக்கோ மைதானத்துக்கோ உறவினர் வீட்டுக்கோ கூட்டிப்போனால் அந்தக் கணக்கு கலையும்.

அரசு கால்நடை மருத்துவமனையில் கூட்டம் தாங்கவில்லை. டோக்கன் வாங்கி ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டியிருக்கிறது. அங்கே பயத்தை எப்படிக் குறைப்பது?

அங்குள்ள மருத்துவர்களின் பணிச்சுமை எனக்குத் தெரியும். அவர்களால் ஒவ்வொரு நாய்க்கும் அரை மணி நேரம் ஒதுக்க முடியாது. ஆகவே காத்திருக்கும் நேரத்தை நீங்கள்தான் மாற்ற வேண்டும். இரண்டு பேராகப் போங்கள். ஒருவர் டோக்கனோடு வரிசையில் நிற்கட்டும். இன்னொருவர் நாயை வளாகத்துக்கு வெளியே மர நிழலில், மற்ற நாய்கள் கண்ணில் படாத தூரத்தில் வைத்துக்கொள்ளட்டும். முறை வரும்போது போனில் கூப்பிட்டால் போதும். நாய் மோப்பம் பிடித்துக்கொண்டு உலாவட்டும். மோப்பம் பிடிப்பதே அதற்கு ஆறுதல்.

பூனையாக இருந்தால் கேரியரைத் தரையில் வைக்காதீர்கள். எல்லா நாயும் வந்து மூக்கை வைக்கும். மடியிலோ பெஞ்சின் மேலோ, சுவரைப் பார்த்தபடி, துணி போட்டு மூடி வையுங்கள். "என் நாய் ஒன்றும் செய்யாது, சும்மா பார்க்கும்" என்று யாராவது நெருங்கினால் தயங்காமல் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

கிளம்பும் முன் சாப்பாடு கொடுக்கலாமா?

சாதாரணப் பரிசோதனை, தடுப்பூசி என்றால் வழக்கத்தைவிடக் குறைவாகக் கொடுங்கள். கொஞ்சம் பசியோடு வரும் நாய் தின்பண்டத்துக்கு ஒத்துழைக்கும், வழியில் வாந்தியும் குறையும். மயக்க மருந்து, அறுவை சிகிச்சை, சில ரத்தப் பரிசோதனைகளுக்கு வெறும் வயிறு தேவை. எத்தனை மணி நேரம் என்று போனில் கேட்டுவிடுங்கள்.

கையோடு கொண்டுவர ஏற்றவை: உப்பு, மசாலா இல்லாமல் வேகவைத்த கோழி, ஈரல் துணுக்கு, முட்டை மஞ்சள்கரு. பூனைக்கு வேகவைத்த நெத்திலி. கருவாட்டில் உப்பு அதிகம், வேண்டாம். வெங்காயம் சேர்ந்த எதுவும் கூடாது, உலர்திராட்சையும் சாக்லேட்டும் நாய்க்கு விஷம். பண்டத்தைச் சுண்டுவிரல் நகம் அளவுக்குச் சின்னச் சின்னதாக நறுக்கிக்கொள்ளுங்கள். ஊசி போடும்போது ஒரு தட்டில் மஞ்சள்கருவைத் தடவிக் கொடுத்தால், நக்குகிற சுறுசுறுப்பில் பல நாய்கள் ஊசி இறங்கியதையே கவனிப்பதில்லை.

பயப்படும்போது தடவிக் கொடுத்தால் பயம் இன்னும் அதிகமாகும் என்கிறார்களே?

அது பழைய நம்பிக்கை. பயம் ஓர் உணர்ச்சி. ஆறுதல் சொன்னதற்காக அது வளராது. 2017-ல் வெளியான ஓர் ஆய்வில், பரிசோதனையின்போது உரிமையாளர் பேசித் தடவிக்கொண்டிருந்த நாய்களுக்கு இதயத்துடிப்பு குறைவாக இருந்தது, மேசையிலிருந்து குதிக்கும் முயற்சியும் குறைந்தது. ஆகவே பக்கத்தில் நில்லுங்கள், மெதுவாகப் பேசுங்கள், மார்பையோ கன்னத்தையோ நிதானமாகத் தடவுங்கள். தலையில் படபடவென்று தட்டுவது ஆறுதல் ஆகாது. இறுக்கிக் கட்டிப்பிடித்து முகத்தோடு முகம் வைப்பதும் கூடாது. அது நாய்க்கு நெருக்கடி, உங்கள் முகத்துக்கு ஆபத்து.

"ஒன்றும் இல்லைடா, ஒன்றும் இல்லைடா" என்று நடுங்கும் குரலில் சொல்பவர்களும் உண்டு. உங்களுக்கே ஊசியைப் பார்த்தால் தலை சுற்றும் என்றால், வீட்டில் தைரியமான ஒருவரை அனுப்புங்கள். அதில் தப்பே இல்லை.

மேசை மேல் ஏற்றினாலே கால் நடுங்குகிறது. தரையிலேயே பார்க்கச் சொல்லலாமா?

தாராளமாகச் சொல்லலாம். ஸ்டீல் மேசை குளிர்ந்திருக்கும், வழுக்கும், நகம் பட்டால் சத்தம் போடும். பெரிய நாய்களை நான் தரையில் ரப்பர் பாய் விரித்துத்தான் பார்க்கிறேன். சின்ன நாயை மடியிலேயே வைத்துக்கொண்டு ஊசி போடலாம். வீட்டிலிருந்து ஒரு யோகா மேட்டோ தடித்த மிதியடியோ கொண்டுவந்து "இதன் மேல் நிற்க வைக்கலாமா டாக்டர்?" என்று கேட்டால் எந்த மருத்துவரும் மறுக்க மாட்டார்.

பூனையைக் கழுத்துத் தோலில் பிடித்துத் தூக்கினால் அடங்கிவிடுகிறதே? தாய்ப்பூனையும் அப்படித்தானே தூக்குகிறது?

தாய் தூக்குவது சில வாரக் குட்டியை. வளர்ந்த பூனையை அப்படிப் பிடித்தால் அது அடங்குவதில்லை, நான் முன்பு சொன்னதுபோல உறைந்துபோகிறது. அமெரிக்க, சர்வதேசப் பூனை மருத்துவ அமைப்புகள் 2022-ல் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டியும் இந்தப் பிடி வேண்டாம் என்கிறது. துண்டு இருக்கும்போது இதற்குத் தேவையும் இல்லை.

வாய்மூடி போடுவது கொடுமை இல்லையா?

சரியான வாய்மூடியை முன்பே பழக்கியிருந்தால் கொடுமை இல்லை. அது இருந்தால் மருத்துவரின் கை பதறாது, கை பதறாவிட்டால் நாயும் பாதி அமைதியாகும். கூடை வடிவத்தில் இருப்பதை வாங்குங்கள். அதில் நாய் வாயைத் திறந்து மூச்சிரைக்கலாம், தண்ணீர் குடிக்கலாம், இடுக்கு வழியாகக் கோழித் துண்டும் தின்னலாம். வாயை இறுக்கி மூடும் துணிப் பட்டியும் கயிற்றுக் கட்டும் ஓரிரு நிமிடத்துக்குத்தான். நம் ஊர் வெயிலில் வாய் திறக்க முடியாத நாய்க்கு உடம்புச் சூடு ஆபத்தான அளவுக்கு ஏறும். சிப்பிப்பாறை, கன்னி போன்ற நீள முக நாய்களுக்குக் கடையில் கிடைப்பது பெரும்பாலும் பொருந்தாது, முகத்தை அளந்து வாங்குங்கள்.

பழக்கும் விதம் கேரியரைப் போலத்தான். கூடைக்குள் மஞ்சள்கருவைத் தடவி நீட்டுங்கள், மூக்கை அதுவாக விடட்டும். பட்டையை மாட்டுவது பல நாள் கழித்து.

வீட்டில் வேறு என்ன பயிற்சி தரலாம்?

பரிசோதனையில் நாங்கள் தொடும் இடங்களை நீங்கள் முன்பே தொட்டுப் பழக்குங்கள். காது மடல், உதட்டைத் தூக்கிப் பல், ஒவ்வொரு விரல், வால் அடி. ஒரு தொடல், ஒரு பண்டம். வரிசை முக்கியம்: முதலில் தொடுங்கள், அப்புறம் பண்டம். பண்டத்தைக் காட்டி மயக்கிவிட்டுத் தொட்டால், நாளடைவில் பண்டத்தைப் பார்த்தாலே சந்தேகம் வந்துவிடும். ஊசி இல்லாத சிரிஞ்சைத் தோலில் வைத்து எடுங்கள். கிள்ளுவதுபோலத் தோலைத் தூக்கி விடுங்கள். டெட்டால் அல்லது ஸ்பிரிட் வாசனையுள்ள பஞ்சைச் சற்றுத் தள்ளி வைத்துக்கொண்டே விளையாடுங்கள்.

இதைவிட ஒரு படி மேலே போக விரும்பினால், நாயிடமே அனுமதி கேட்கும் முறையைப் பழக்கலாம். பயிற்சியாளர் சிராக் படேல் பிரபலமாக்கிய 'பக்கெட் கேம்' அப்படிப்பட்டது. ஒரு சின்ன வாளியில் பண்டத்தைப் போட்டுத் தள்ளி வைப்பீர்கள். நாய் வாளியைப் பார்த்துக்கொண்டிருக்கும் வரை நீங்கள் காதைத் தொடலாம், நகத்தைப் பிடிக்கலாம். பார்வையைத் திருப்பினால் உடனே கையை எடுத்துவிட வேண்டும். தான் சொன்னால் நிறுத்துவார்கள் என்று தெரிந்த நாய், ஆச்சரியமாக, நிறுத்தச் சொல்வதே குறைந்துவிடும்.

கிளினிக்கிற்குச் சும்மாவும் வாருங்கள். எடை பார்க்கும் மேடையில் ஏறி நின்று, இரண்டு பண்டம் தின்று, திரும்பிப் போய்விடலாம். முன்கூட்டியே கேட்டுக்கொண்டு, கூட்டமில்லாத நேரத்தில் வந்தால் சரி. பூனைகளுக்கு இந்தச் 'சும்மா விஜயம்' பொருந்தாது. அவற்றுக்கு வீட்டுப் பயிற்சியே போதும்.

குட்டி வைத்திருப்பவர்களுக்கு இதில் பெரிய அனுகூலம். நாய்க்குட்டிக்குச் சுமார் 3 முதல் 14 வாரம் வரையிலும், பூனைக்குட்டிக்கு 2 முதல் 7 வாரம் வரையிலும் புதியதைப் பயமில்லாமல் ஏற்றுக்கொள்ளும் பருவம். நாய்க்குட்டியின் முதல் தடுப்பூசிகள் சரியாக அந்தப் பருவத்தில்தான் வருகின்றன. அந்தச் சில வருகைகளை இனிமையாக்கிவிட்டால் அதன் பலன் வாழ்நாள் முழுக்க இருக்கும். தடுப்பூசி முடியாத குட்டியைக் கிளினிக் தரையில் மட்டும் விடாதீர்கள், மடியிலேயே இருக்கட்டும்.

பயத்துக்கு மாத்திரை உண்டாமே? கொடுத்தால் பழக்கமாகிவிடாதா?

உண்டு. தேவைப்படும் பிராணிக்குத் தயங்காமல் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எல்லா முயற்சியும் தோற்ற பிறகு கடைசியாகக் கொடுப்பதாக வைத்துக்கொள்ளாதீர்கள். பயம் முற்றுவதற்கு முன் கொடுத்தால்தான் நன்றாக வேலை செய்யும். வருடத்துக்குச் சில முறை கொடுப்பதால் அடிமையாகிவிடாது.

பூனைகளுக்கு அதிகம் பயன்படுவது கபாபென்டின். கிளம்புவதற்கு ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் முன்பு கொடுப்போம். தூக்கக் கலக்கமும் தள்ளாட்டமும் சில மணி நேரம் இருக்கும், அதனால் அன்று உயரத்தில் ஏற விடாதீர்கள். பூனைகளின் பயணப் பயத்துக்கென்றே தயாரான ப்ரீகாபாலின் மருந்துக்கு ஐரோப்பாவில் 2021-லும் அமெரிக்காவில் 2023-லும் அனுமதி கிடைத்தது. நாய்களுக்கு ட்ராசோடோன், கபாபென்டின் இரண்டையும் தனியாகவோ சேர்த்தோ தருகிறோம். எதுவானாலும் போக வேண்டிய நாளுக்கு முன்பே ஒரு விடுமுறை நாளில் வீட்டில் ஒரு முறை கொடுத்துப் பாருங்கள். எவ்வளவு நேரத்தில் வேலை செய்கிறது, எவ்வளவு மயக்கம் என்று தெரிந்துவிடும்.

அளவை வேண்டுமென்றே இங்கே எழுதவில்லை. எடை, வயது, சிறுநீரகத்தின் நிலை எல்லாவற்றையும் பார்த்துத்தான் அது முடிவாகும். மனிதர்களுக்கான திரவ மருந்துகள் சிலவற்றில் சைலிட்டால் என்ற இனிப்பு இருக்கும், அது நாயைக் கொல்லும். வெகுகாலமாகப் புழங்கும் ஏஸ்புரோமசின் என்ற அமைதிப்படுத்தும் மருந்தைத் தனியாகக் கொடுப்பதையும் நான் தவிர்க்கிறேன். உடம்பு அசையாது, உள்ளே பயம் அப்படியே இருக்கும்.

வீட்டில் அலர்ஜிக்குப் போடும் அவில் இருக்கிறது. அரை மாத்திரை கொடுத்தால் தூங்கிவிடாதா?

வேண்டாம். தூக்கம் வரலாம், பயம் போகாது. சில பிராணிகள் அதில் இன்னும் கிளர்ந்தெழும். மருந்துப் பெட்டியைத் திறந்ததும் கண்ணில் படும் பாராசிட்டமாலைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: பூனைக்கு ஒரு மாத்திரையே உயிரை எடுக்கப் போதும்.

ஃபெரோமோன் ஸ்ப்ரே வாங்கலாமா?

பூனை கன்னத்தைத் தேய்த்து விட்டுச்செல்லும் வாசனையைச் செயற்கையாகச் செய்தது ஃபெலிவே, தாய்நாயின் வாசனையைப் போலச் செய்தது அடாப்டில். ஆய்வு முடிவுகள் இரண்டு பக்கமும் இருக்கின்றன. கெடுதல் இல்லை. வாங்க வசதி இருந்தால், பூனை ஏறுவதற்குக் கால் மணி நேரம் முன்பே கேரியர் துணியில் அடித்துக் காயவிடுங்கள். வாங்க முடியாவிட்டால் கவலை வேண்டாம், அதன் சொந்தத் துணியே நல்ல வாசனைதான்.

டாக்டரை வீட்டுக்கே வரவழைத்துவிட்டால் எல்லாப் பிரச்சினையும் தீராதா?

பல பூனைகளுக்கும் நடக்க முடியாத வயதான நாய்களுக்கும் நல்ல வழி. ஆனால் எக்ஸ்ரே, ஸ்கேன், அறுவை சிகிச்சைக்கு எப்படியும் வெளியே வர வேண்டும், அதுவும் உடம்பு மோசமாக இருக்கும் நாளில். அதனால் கேரியர் பயிற்சியைக் கைவிடாதீர்கள். காவல் உணர்வு அதிகமுள்ள நாய்களோ, கோம்பை, ராஜபாளையம் போன்றவை, தன் வாசலில் அந்நியரை விடுவதைவிடக் கிளினிக்கில் சாதுவாக இருப்பதும் உண்டு.

வீட்டில் நீங்களே செய்யக்கூடிய ஒரு வேலை சொல்கிறேன். நாயோ பூனையோ நன்றாகத் தூங்கும்போது ஒரு நிமிடத்தில் எத்தனை முறை மூச்சு விடுகிறது என்று எண்ணி எழுதுங்கள். 30-க்குள் இருக்க வேண்டும். நொண்டல், இருமல் இருந்தால் போனில் வீடியோ எடுங்கள். கிளினிக்கில் பயந்த உடம்பைப் பார்த்து நான் ஊகிப்பதைவிட அவை எவ்வளவோ மேல்.

போன முறை டாக்டர் பாதியிலேயே நிறுத்திவிட்டு "இன்னொரு நாள் வாருங்கள்" என்றார். திரும்பவும் அலைய வைப்பது நியாயமா?

உங்கள் அலைச்சல் எனக்குப் புரிகிறது. ஆட்டோ காசு, அரை நாள் லீவு. இருந்தாலும் அந்த மருத்துவர் உங்களுக்கு நல்லதுதான் செய்திருக்கிறார்.

ஒவ்வொரு முறையும் நான் எனக்குள் கேட்டுக்கொள்வது: இது இன்றே நடந்தாக வேண்டுமா? மூச்சு முட்டுகிறது, ரத்தம் கொட்டுகிறது, சிறுநீர் அடைத்துவிட்டது என்றால் காத்திருக்க முடியாது. அப்போதும் போராடிப் பிடிக்காமல், உடல்நிலை இடம் கொடுத்தால் மயக்க ஊசி போட்டு வேலையை முடிப்பது பிராணிக்கும் எங்களுக்கும் பாதுகாப்பு. ஆனால் நகம் வெட்டுவது, காது சுத்தம், ஆண்டு ஊசி போன்றவை ஒரு வாரம் தள்ளிப்போனால் எதுவும் கெட்டுவிடாது. நான்கு பேர் பிடித்து இன்று இரண்டு நகம் வெட்டினால், அந்த நாய்க்கு இனி வாழ்நாள் முழுக்கக் காலைத் தொட விடாத பயம் வரும். இன்று நிறுத்தி, மாத்திரை எழுதிக் கொடுத்து, அடுத்த வாரம் அமைதியாக முடித்தால் அந்தப் பயம் வேர்விடாது.

நிறுத்தச் சொல்லும் உரிமை உங்களுக்கும் உண்டு. "டாக்டர், ரொம்ப பயப்படுகிறது, கொஞ்சம் விட்டுவிட்டுப் பார்க்கலாமா?" என்று கேளுங்கள். எங்கள் கிளினிக்கில் ஒவ்வொரு பிராணியின் அட்டையிலும் மருந்துக் குறிப்புக்குக் கீழே இதையும் எழுதி வைக்கிறோம்: 'ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்தால் மிரளும், கடைசியில் பார்க்கவும். இடப்பக்கம் நின்றால் சரி. ஈரல் பிடிக்கும்.' உங்கள் மருத்துவர் எழுதாவிட்டால் நீங்களே ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள்.

பிடிக்கும்போது கடித்துவிட்டது, நகம் பட்டுவிட்டது. வீட்டுப் பிராணிதானே, விட்டுவிடலாமா?

விடக்கூடாது. ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டு, அன்றே மனித மருத்துவரிடம் போங்கள். ஊசி வேண்டுமா என்பதை அவர் முடிவு செய்யட்டும். பூனைக்கடி வெளியே சின்னப் புள்ளியாகத்தான் தெரியும், உள்ளே சீழ் வைத்துவிடும்.

வீட்டுக்குத் திரும்பியதும் எங்கள் இன்னொரு பூனை இதைப் பார்த்துச் சீறி அடிக்கிறது. இரண்டும் ஒரே தட்டில் சாப்பிட்டவை!

போய்வந்த பூனையின் மேல் மருந்தும் வேற்று நாய்களும் பயமும் கலந்த வாசனை இருக்கும். வீட்டிலிருந்த பூனைக்கு அது அந்நியப் பூனை. முகத்தைப் பார்த்து அடையாளம் கண்டுகொள்ளும் என்று நாம் எதிர்பார்க்கிறோம், அதுவோ மூக்கை நம்புகிறது.

வந்ததும் கேரியரைத் திறந்துவிடாதீர்கள். போய்வந்த பூனையைத் தனி அறையில், தண்ணீர், மலஜலம் கழிக்கும் மண் தட்டு, அதன் படுக்கையோடு விட்டுக் கதவைச் சாத்துங்கள். ஓர் இரவு நன்றாகத் தூங்கித் தன்னை நக்கிச் சுத்தம் செய்துகொண்டால் பாதி வாசனை போய்விடும். வீட்டிலிருந்த பூனை படுக்கும் துணியால் இதை மெதுவாகத் துடைத்துவிடலாம். மறுநாள் கதவின் இரண்டு பக்கமும் சாப்பாட்டுத் தட்டை வைத்து, இரண்டும் சீறாமல் தின்றால் கதவை ஒரு விரல் அளவு திறங்கள். சீறினால் இன்னும் ஒரு நாள் பொறுங்கள். அடித்துக்கொண்டால் நடுவில் கையை விடாமல், ஓர் அட்டையையோ தலையணையையோ இடையில் நுழைத்துப் பிரித்துவிடுங்கள். அடுத்த முறை உடம்பு நன்றாக இருக்கும் இரண்டாவது பூனையையும் இன்னொரு கேரியரில் கூடவே கொண்டுவந்துவிட்டால், இரண்டின் மேலும் ஒரே வாசனை இருக்கும், பல வீடுகளில் இந்தச் சண்டையே வருவதில்லை.